வளைந்த முழங்கையும் ஒற்றை வரி டயக்னோசிஸும்: ஒரு மெடிக்கல் கோடிங் நிகழ்வு ஆய்வு

"எல்போ டிஃபார்மிட்டி, ஸ்டேட்டஸ் போஸ்ட் ஃப்ராக்சர். ஆஸ்டியாட்டமி பிளான்."

எட்டு வயதுப் பையன் ஒருவனின் சார்ட்டில் அசெஸ்மென்ட் பகுதியில் இருந்தது இவ்வளவுதான். முழங்கை கோணலாக இருக்கிறது, முன்பு எலும்பு முறிந்தது, இப்போது எலும்பை வெட்டி நேராக்கப் போகிறோம் என்கிறார் மருத்துவர். அவருக்கு இது போதும். பையனை நேரில் பார்த்திருக்கிறார், எக்ஸ்ரேயைப் பார்த்திருக்கிறார், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து அதே சார்ட்டைத் திறந்து, அதை நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்களாக, அதாவது 'கோடு'களாக மாற்றும் கோடருக்கு இந்த வரி போதாது. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தர வேண்டிய காப்பீட்டு நிறுவனத்துக்கும் போதாது.

இது ஒரு தனி நோயாளியின் கோப்பு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளியின் ரகசியம் காப்பது நம் வேலையின் முதல் விதி. அமெரிக்கக் குழந்தைகள் எலும்பியல் சார்ட்டுகளில் வழக்கமாக வரும் சிக்கல்களை ஒன்றாகக் கோத்துப் பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு இது. கோடுகளும் விதிகளும் மட்டும் உள்ளது உள்ளபடியே. அமெரிக்காவில் நோய்களுக்குக் கோடு தரும் பட்டியலான ஐசிடி-10-சிஎம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது, ஏப்ரலிலும் சில மாற்றங்கள் வருவதுண்டு. அதனால் உங்கள் கையில் இருக்கும் சார்ட்டுக்கு, என்கவுண்டர் தேதிக்கு, அதாவது நோயாளி மருத்துவரைப் பார்த்த தேதிக்கு உரிய பதிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

சார்ட்டில் என்ன இருந்தது

ஐந்து வயதில் விளையாட்டுத் திடலில் ஜங்கிள் ஜிம்மிலிருந்து விழுந்திருக்கிறான். வேறொரு மாநிலத்தில், முழங்கைக்குச் சற்று மேலே மேல்கை எலும்பு முறிந்திருப்பதாகச் சொல்லி மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். சுப்ராகாண்டைலர் ஃப்ராக்சர் என்று அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அந்தச் சொல்லை மருத்துவரும் நோய் வரலாற்றுப் பகுதியில் எழுதியிருக்கிறார். பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எதுவும் கிடைக்கவில்லை.

பரிசோதனையில் கேரியிங் ஆங்கிள் (கையை நீட்டும்போது மேல்கைக்கும் முன்கைக்கும் இடையே இருக்கும் பக்கவாட்டுக் கோணம்) வலது பக்கம் 10 டிகிரி வெளிநோக்கி, இடது பக்கம் 18 டிகிரி உள்நோக்கி. இடது முழங்கையை நீட்டினால் நேர்கோட்டைத் தாண்டி 10 டிகிரி பின்னால் போகிறது, மடக்கும்போது வலது கை அளவுக்கு மடங்கவில்லை. முழங்கையின் உட்பக்கமாகச் செல்லும் அல்நார் நரம்பு நன்றாக இருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முழுவதும் கூடியிருக்கிறது, புதிய முறிவு இல்லை. அப்புறம் பிளான் பகுதியில் ஒரு வரி: "ரைட் டிஸ்டல் ஹியூமரஸ் ஆஸ்டியாட்டமி."

பரிசோதனையில் இடது, பிளானில் வலது. டெம்ப்ளேட்டிலிருந்தோ முந்தைய நோயாளியின் குறிப்பிலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த சொல்லாக இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும், ஒரு குழந்தையின் எலும்பை வெட்டப் போகும் திட்டத்தில் பக்கம் மாறி நிற்பதை எழுத்துப்பிழை என்று கடந்துபோக முடியாது.

நர்ஸ் எழுதிய இன்டேக் குறிப்பில் இன்னொரு தகவல் இருந்தது. தரையில் கையூன்றி எழும்போது முழங்கை "விலகுகிற மாதிரி" இருப்பதாகவும், 'கிளிக்' என்று சத்தம் வருவதாகவும் அம்மா சொல்லியிருக்கிறார். இது மருத்துவரின் குறிப்பில் ஒரு இடத்திலும் இல்லை.

கோடர்களுக்கு இந்தக் கோணலின் மருத்துவம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு முழங்கைப் பகுதியில் ஏற்படும் முறிவுகளில் சுப்ராகாண்டைலர் வகைதான் மிக அதிகம். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் உள்ளங்கையை ஊன்றி விழும் குழந்தைகளிடம் பெரும்பாலும் வருகிறது. முறிந்த கீழ்த்துண்டு சரியான கோணத்தில் நிலைக்காமல் கூடிவிட்டால் முன்கை உடலை நோக்கித் திரும்பிவிடும். இதுதான் க்யூபிடஸ் வேரஸ். துப்பாக்கிக் கட்டை போலத் தெரிவதால் கன்ஸ்டாக் டிஃபார்மிட்டி என்றும் எழுதுவார்கள். குழந்தை வளர வளரத் தானே நேராகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மேல்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் தோள் பக்கத்து வளர்ச்சித் தட்டிலிருந்துதான் வருகிறது. முழங்கைப் பக்கம் வளர்ச்சி குறைவு, அதனால் பக்கவாட்டுக் கோணல் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது.

நம் ஊரில் நாட்டுக் கட்டு போட்டு எலும்பு கூடி, கோணம் மட்டும் தவறிப்போன முழங்கைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோற்றம் பழக்கமானதுதான். ஆனால் மாவுக்கட்டு போட்ட பிறகும் இது வரலாம். ஆகவே யார் கட்டினார்கள் என்ற ஊகத்தைக் கோடிங்குக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

இன்டெக்ஸ் எங்கே கொண்டுபோய் விடுகிறது

"டிஃபார்மிட்டி, எல்போ" என்று ஐசிடி-10-சிஎம் அகரவரிசையில் தேடினால், பின்னால் ஏற்பட்ட கோணலுக்கு அது மேல்கைப் பகுதிக்கு அனுப்பும். வகை சொல்லப்படாததால் கடைசியில் எம்21.92 வரிசையில் போய் நிற்போம். இடது என்றால் எம்21.922: இடது மேல்கையில் வகை குறிப்பிடப்படாத, பின்னால் ஏற்பட்ட கோணல். கோடர் தவறு எதுவும் செய்யவில்லை, எழுதியிருப்பதற்கு அதுதான் கோடு. ஆனால் அந்தக் கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு முழங்கை என்றே தெரியாது, எந்தப் பக்கம் வளைந்தது என்றும் தெரியாது.

அதே இன்டெக்ஸில் "க்யூபிடஸ், வேரஸ்" என்று தேடினால் எம்21.1 வரிசைக்குப் போவோம். முழங்கைக்கு எம்21.12. வலது எம்21.121, இடது எம்21.122, பக்கம் தெரியாவிட்டால் எம்21.129. வெளிநோக்கி வளைந்திருந்தால் க்யூபிடஸ் வால்கஸ், அதற்கு எம்21.02 வரிசை. பிறவியிலேயே இருந்தால் கதையே வேறு, க்யூ68.8 என்ற பிறவிக் குறைபாட்டு அத்தியாயத்துக்குப் போய்விடும். ஆக "பின்னால் வந்தது" என்பதும் மருத்துவர் எழுத வேண்டிய தகவல்தான். இந்தச் சார்ட்டில் முறிவைச் சொல்லியிருப்பதால் அந்தச் சந்தேகம் இல்லை.

பழைய ஐசிடி-9-சிஎம் இந்த நோயை எங்கே வைத்திருந்தது என்பதையும் பார்க்கலாம். 736.02 என்பது க்யூபிடஸ் வேரஸ், 736.01 வால்கஸ். இரண்டும் முன்கைக் கோணல்கள் என்ற தலைப்பின் கீழ் இருந்தன. வலது, இடது என்ற பிரிவே கிடையாது. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கா ஐசிடி-10-சிஎம்முக்கு மாறியபோது முழங்கை மேல்கைக்குரிய இலக்கத்துக்கு வந்தது, பக்கமும் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-இல் உறுப்பிட எண் 2 என்பது மேல்கை எலும்பையும் முழங்கை மூட்டையும் ஒன்றாகக் குறிக்கும். முழங்கைக் கோணலைத் தேடினால் இன்டெக்ஸ் ஏன் மேல்கைக்கு அனுப்புகிறது என்று புதியவர்கள் கேட்கும்போது நான் காட்டுவது இந்த எண்ணைத்தான்.

சரி, சார்ட்டில் "18 டிகிரி உள்நோக்கி" என்று இருக்கிறதே, அது வேரஸ்தானே, எம்21.122 போட்டுவிடலாமே? கூடாது. கோணத்தை அளந்தது பரிசோதனைக் குறிப்பு, அந்த அளவை ஒரு நோய்ப்பெயராக மாற்றுவது மருத்துவரின் வேலை. ஒரு நோய் இருக்கிறது என்று ப்ரொவைடர், அதாவது சிகிச்சை தருபவர் எழுதும் வாக்கியத்தின் மேல்தான் கோடு நிற்கிறது என்று அதிகாரபூர்வ வழிகாட்டுதல் சொல்கிறது. அளவுகளை வைத்து நாமே டயக்னோசிஸ் கட்டினால், நாளை ஆடிட்டில் அதற்கு ஆதாரம் காட்ட முடியாது. ஆனால் அந்த அளவு வீணும் அல்ல. மருத்துவரிடம் கேள்வி கேட்க நமக்கு இருக்கும் காரணமே அதுதான்.

பக்கம் பற்றிய விதியையும் இங்கே கவனிக்க வேண்டும். ப்ரொவைடர் பக்கத்தைக் குறிப்பிடாவிட்டால் மற்ற மருத்துவப் பணியாளர்களின் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டுதல் இப்போது அனுமதிக்கிறது. ஆனால் குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் ப்ரொவைடரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். இங்கே முரண்பாடு அவருடைய குறிப்புக்குள்ளேயே இருக்கிறது. மூன்று இடத்தில் இடது, ஒரு இடத்தில் வலது என்று எண்ணிப் பார்த்துப் பெரும்பான்மைக்குக் கோடு போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்.

பின்விளைவா, தப்பாகக் கூடிய எலும்பா

இந்தச் சார்ட்டில் என்னை அதிகம் யோசிக்க வைக்கும் இடம் இது. கோணலின் கோடு தெரிந்தாயிற்று. அதற்குக் காரணமான பழைய முறிவை எப்படிக் காட்டுவது? "ஸ்டேட்டஸ் போஸ்ட் ஃப்ராக்சர்" என்ற சொற்களைப் பார்த்ததும் மூன்று வழிகள் தெரிகின்றன.

முதல் வழி இசட்87.81, அதாவது ஆறிப்போன முறிவின் வரலாறு. "ஸ்டேட்டஸ் போஸ்ட்" என்பதைக் கண்டதும் கை தானாக இங்கே போகும். ஆனால் வரலாற்றுக் கோடு என்பது முடிந்துபோன, இப்போது சிகிச்சை எதுவும் தேவைப்படாத நிலைக்கு. இங்கே பழைய முறிவு ஒரு மிச்சத்தை விட்டுச் சென்றிருக்கிறது, அந்த மிச்சத்துக்குத்தான் அறுவை சிகிச்சை. ஆகவே இந்த வழி அடைபடுகிறது.

இரண்டாவது வழி பின்விளைவு. முறிவு ஆறிவிட்டது, கோணல் எஞ்சியிருக்கிறது. ஆறிய காயத்தால் வந்த எலும்பு, மூட்டு, தசைப் பிரச்சினைகள் வழக்கமாக 13-ஆம் அத்தியாயத்தில், அதாவது எம் கோடுகளில் கிடைக்கும் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. பின்விளைவுக்குப் பொதுவாக இரண்டு கோடு வேண்டும்: இப்போது இருக்கும் நிலை முதலில், அதை உண்டாக்கிய காயம், சிகிச்சையின் கட்டத்தைக் காட்டும் ஏழாவது எழுத்து 'எஸ்' (S) சேர்த்து அடுத்ததாக. இடது பக்கத்துக்கு எம்21.122, பிறகு எஸ்42.412எஸ்.

மூன்றாவது வழி மால்யூனியன். எலும்பு கூடியது, ஆனால் தப்பான கோணத்தில் கூடியது. மால்யூனியன், நான்யூனியன் (எலும்பு கூடாமலே போவது) போன்ற முறிவுச் சிக்கல்களுக்குச் சிகிச்சை தரும்போது, முறிவுக் கோட்டிலேயே அதற்குரிய ஏழாவது எழுத்தைப் போடச் சொல்கிறது வழிகாட்டுதல். மால்யூனியனுக்கு 'பி' (ஆங்கில P). அப்போது எஸ்42.412பி முன்னால் வரும். கோணலுக்கான எம் கோடு அதனுடன் சேரலாம், ஏனென்றால் 13-ஆம் அத்தியாயத்துக்கும் காய அத்தியாயத்துக்கும் இடையே இருப்பது எக்ஸ்க்ளூட்ஸ்2 குறிப்பு. இரண்டும் சேர்ந்து வரக்கூடாது என்ற தடை அதில் இல்லை.

மருத்துவ ரீதியில் பார்த்தால் க்யூபிடஸ் வேரஸ் பெரும்பாலும் மால்யூனியனால்தான் வருகிறது. அப்படியானால் எல்லாச் சார்ட்டுக்கும் 'பி' போட்டுவிடலாமா? நான் போடமாட்டேன். "மால்யூனியன்" என்று மருத்துவர் எழுதவில்லை என்றால் அதை நாம் வருவிக்க முடியாது. "ஆறிய முறிவு, எஞ்சிய க்யூபிடஸ் வேரஸ்" என்று அவர் எழுதினால் பின்விளைவு வழி. "மால்யூனைட்டட் சுப்ராகாண்டைலர் ஃப்ராக்சர்" என்று எழுதினால் 'பி' வழி. ஒரே எலும்பு, ஒரே கோணல், ஒரே அறுவை சிகிச்சை. மருத்துவர் தேர்ந்தெடுக்கும் சொல்லால் கிளெய்மின் முதல் கோடே மாறிவிடுகிறது. ஆனால் 'பி'யையும் 'எஸ்'ஸையும் ஒரே முறிவுக்கு ஒரே கிளெய்மில் போடுவது தன்னைத்தானே மறுக்கும் செயல். ஒன்று இன்னும் முறிவின் சிக்கலுக்குச் சிகிச்சை நடக்கிறது என்கிறது, மற்றது முறிவு முடிந்து மிச்சம்தான் இருக்கிறது என்கிறது.

புதிய மருத்துவர் முதல்முறையாகப் பார்ப்பதால் முறிவுக்கே சிகிச்சை நடக்கும் கட்டத்துக்குரிய 'ஏ' போடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஏழாவது எழுத்து மருத்துவர் புதியவரா பழையவரா என்பதைப் பார்ப்பதில்லை, சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கிறது. முறிவுக்கு சிகிச்சையே எடுக்காமல் தாமதமாக வந்தவருக்கு 'ஏ' பொருந்தும் இடம் உண்டு. இந்தப் பையனுக்கு அப்போதே மாவுக்கட்டு போட்டாயிற்று.

எஸ்42.412 என்ற எண்ணையே எப்படி எடுத்தோம் என்றும் கேட்க வேண்டும், ஏனென்றால் பழைய எக்ஸ்ரே கையில் இல்லை. எலும்பு விலகியிருந்ததா என்று தெரியாது, தோல் கிழிந்ததா என்று தெரியாது. இதற்கு விதி தெளிவாக இருக்கிறது: விலகியதா இல்லையா என்று சொல்லாவிட்டால் விலகியது, திறந்ததா மூடியதா என்று சொல்லாவிட்டால் மூடியது. ஆகவே இடது, விலகிய, எளிய சுப்ராகாண்டைலர் முறிவு எஸ்42.412. விலகாததற்கு எஸ்42.415 இருக்கிறது, அதை எடுக்க ஆவணம் வேண்டும். முறிவு எது என்பதற்கு அம்மாவின் நினைவு மட்டும் போதாது. அதை மருத்துவர் தன் குறிப்பில் நோய் வரலாறாக ஏற்று எழுதியிருப்பதால்தான் கோடு செய்ய முடிகிறது.

மறுப்பும் க்வெரியும்

முதல் குறிப்பை அப்படியே வைத்து, எம்21.922 என்ற கோட்டுடன் முன் ஒப்புதல் கேட்டிருக்கிறார்கள். அழகுக்கான சிகிச்சை என்று சொல்லி மறுப்பு வந்தது. மறுத்தவரைக் குறை சொல்லி என்ன பயன்? வகை தெரியாத கோணல், இயக்கக் குறை பற்றி அசெஸ்மென்ட்டில் ஒரு சொல்லும் இல்லை, பக்கமும் குழப்பம். அந்தத் தாளில் ஒரு குழந்தையின் கை தெரியவே இல்லை.

அமெரிக்க மருத்துவ சங்கத்தின் வரையறைப்படி, பிறவிக் குறை, விபத்து, தொற்று, கட்டி, நோய் இவற்றால் இயல்பு கெட்ட உறுப்பைச் சரிசெய்வது மறுசீரமைப்பு. பெரும்பாலும் செயல்பாட்டை மேம்படுத்தத்தான் அது செய்யப்படுகிறது, இயல்பான தோற்றத்துக்குக் கொண்டுவரவும் செய்யலாம். இயல்பான உறுப்பின் தோற்றத்தை மாற்றுவதுதான் அழகு சிகிச்சை. விபத்தால் வந்த க்யூபிடஸ் வேரஸ் எந்தப் பக்கம் சேரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விபத்தால் வந்தது என்பதும், செயல்பாடு கெட்டிருக்கிறது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வலியே இல்லை, கை மடங்குகிறது, நீள்கிறது என்று பெற்றோரே இதைத் தோற்றக் குறையாக மட்டும் நினைப்பதுண்டு. நாளாக நாளாக முழங்கையின் வெளிப்பக்கத் தசைநார் தளர்ந்து மூட்டு நிலையற்றுப் போகலாம், அல்நார் நரம்பு பாதிக்கப்படலாம், மறுபடி விழுந்தால் வெளிப்பக்க எலும்புமுனை முறியவும் வாய்ப்பு கூடுதல். கையூன்றி எழும்போது விலகுகிற மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னது சும்மா சொன்ன வார்த்தை இல்லை.

இனி க்வெரி, அதாவது குறிப்பைத் தெளிவுபடுத்தச் சொல்லி மருத்துவருக்கு எழுதும் கேள்வி. இதில் எனக்குப் பிடிவாதம் அதிகம். "க்யூபிடஸ் வேரஸ் என்று எழுதித் தரவும், இல்லாவிட்டால் பணம் வராது" என்று கேட்டால் அது மருத்துவரின் வாயில் சொல்லைத் திணிப்பது. மருத்துவப் பதிவேட்டுத் துறையின் அமெரிக்க அமைப்புகளான அஹிமாவும் ஏசிடிஸும் சேர்ந்து வெளியிட்ட க்வெரி நெறிமுறை, விடையை முன்கூட்டியே சுட்டக்கூடாது, பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்கிறது. இந்தச் சார்ட்டுக்கு நான் எழுதும் க்வெரி இப்படி இருக்கும்:

"மருத்துவருக்கு வணக்கம். பரிசோதனைக் குறிப்பில் கேரியிங் ஆங்கிள் இடது 18 டிகிரி உள்நோக்கி, வலது 10 டிகிரி வெளிநோக்கி என்றும், எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது என்றும் உள்ளது. அசெஸ்மென்ட்டில் 'எல்போ டிஃபார்மிட்டி, ஸ்டேட்டஸ் போஸ்ட் ஃப்ராக்சர்' என்று உள்ளது. உங்கள் மருத்துவ முடிவின்படி கோணலின் வகையையும், பழைய முறிவுடன் அதன் தொடர்பையும், முறிவின் தற்போதைய நிலையையும் தெளிவுபடுத்த இயலுமா? தெரிவுகள்: ஆறிய முறிவின் எஞ்சிய கோணல், மால்யூனியன், பிறவிக் கோணல், வேறு, தீர்மானிக்க இயலவில்லை. பரிசோதனையில் இடது என்றும் திட்டத்தில் வலது என்றும் உள்ளது, அறுவை சிகிச்சைக்கு உரிய பக்கத்தை உறுதிசெய்யவும். நர்ஸின் இன்டேக் குறிப்பில் கையூன்றும்போது விலகும் உணர்வு பதிவாகியுள்ளது. இதற்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டா என்பதையும் குறிப்பிடவும்."

சார்ட்டில் இருப்பதை எடுத்துக் காட்டுகிறோம், பொருந்தக்கூடிய எல்லா விடைகளையும் வைக்கிறோம், "வேறு", "தீர்மானிக்க இயலவில்லை" என்ற கதவையும் திறந்து வைக்கிறோம். அவ்வளவுதான் நம் எல்லை.

மருத்துவர் தேதியும் கையொப்பமும் இட்டு அடெண்டம் (பின்னிணைப்புக் குறிப்பு) எழுதினார். ஆறிய இடது சுப்ராகாண்டைலர் ஹியூமரஸ் முறிவின் பின்விளைவாக இடது க்யூபிடஸ் வேரஸ், 18 டிகிரி, கூடுதல் நீட்சியும் உட்சுழற்சியும் சேர்ந்தது. மடக்கும் அளவு குறைவு. கையூன்றும்போது விலகும் உணர்வு உண்டு, பின்-வெளிப்பக்க நிலையின்மை தொடங்குவதாகச் சந்தேகம். அல்நார் நரம்பு இயல்பு. திட்டம் இடது பக்கம், முந்தைய பதிவில் வலது என்றது தவறு.

கோடு இப்போது எம்21.122, எஸ்42.412எஸ். நிலையின்மைக்கு எம்25.322 சேர்க்கலாமா என்று கேட்பார்கள். அவர் "சந்தேகம்" என்றுதான் எழுதியிருக்கிறார், இது வெளிநோயாளர் என்கவுண்டர். இங்கே சந்தேகத்தைக் கோடு செய்யக் கூடாது. ஆனால் அந்த வாக்கியம் சார்ட்டில் இருப்பதால், அடுத்த முறை ஒப்புதல் கேட்கும்போது மருத்துவரே தொலைபேசியில் பேசி விளக்க ஆதாரம் இருக்கிறது. ஒப்புதலும் கிடைத்தது.

புறக்காரணக் கோடும் பின்விளைவு எழுத்தோடுதான் போகும்: ஜங்கிள் ஜிம்மிலிருந்து விழுந்ததற்கு டபிள்யூ09.2எக்ஸ்எக்ஸ்எஸ். இடம், செயல் பற்றிய கோடுகள் காயத்தின் முதல் என்கவுண்டருக்கு மட்டும்தான், இங்கே தேவையில்லை. புறக்காரணக் கோட்டை எல்லா இடத்திலும் கட்டாயமாகக் கேட்பதில்லை, மாநில விதியையும் பேயரின் (பணம் தரும் காப்பீட்டு நிறுவனத்தின்) விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆப்பரேஷன் நோட்

அறுவை சிகிச்சைக் குறிப்பு நன்றாக எழுதப்பட்டிருந்தது. இடது மேல்கை எலும்பின் கீழ்ப்பகுதியில் வெளிப்பக்கமிருந்து 28 டிகிரி ஆப்பு வடிவத் துண்டை எடுத்து, இடைவெளியை மூடி, இரண்டு ஸ்க்ரூவும் எட்டு வடிவக் கம்பியும் போட்டிருக்கிறார். 1959-இல் ஃபிரெஞ்ச் என்ற மருத்துவர் விவரித்த முறையிலிருந்து வளர்ந்த வகை இது. 28 எங்கிருந்து வந்தது? 18 டிகிரி கோணலைச் சரிசெய்து, மறு கையைப் போல 10 டிகிரி வெளிநோக்கிக் கொண்டுவர வேண்டும். இரண்டையும் கூட்டினால் 28. முதல் குறிப்பின் அளவும் ஆப்பரேஷன் நோட்டின் அளவும் இப்படி ஒத்துப்போகும்போது ஆடிட்டருக்குக் கேட்க ஒன்றும் இருக்காது.

செய்த சிகிச்சைகளுக்குக் கோடு தரும் பட்டியலான சிபிடியில் இதற்கு 24400, மேல்கை எலும்பு ஆஸ்டியாட்டமி, உள்பொருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஸ்க்ரூவுக்கும் கம்பிக்கும் தனிக் கோடு இல்லை. இடது பக்கத்தைக் காட்டும் மாடிஃபையர் எல்டி.

24470-இல் கவனம் வேண்டும். அதன் விளக்கத்திலேயே க்யூபிடஸ் வேரஸ் என்ற சொல் இருக்கிறது, என்கோடரில் (கோடு தேடும் மென்பொருளில்) நோய்ப்பெயரைத் தட்டினால் அதுதான் முதலில் எட்டிப் பார்க்கும். ஆனால் அது வளர்ச்சித் தட்டின் ஒரு பாதியை நிறுத்தும் சிகிச்சை. இங்கே வளர்ச்சித் தட்டைத் தொடவே இல்லை. 24430 மால்யூனியனையோ நான்யூனியனையோ ஒட்டெலும்பு இல்லாமல் சரிசெய்வதற்கு. பழைய முறிவுத் தளத்துக்கே போய், தப்பாகக் கூடியதைப் பிரித்துச் சேர்த்ததாக நோட் விவரித்தால் அதைப் பற்றி யோசிக்கலாம். இங்கே மருத்துவரின் டயக்னோசிஸும் "ஆறிய முறிவு", செய்ததும் திருத்த ஆஸ்டியாட்டமி. 24400-இல்தான் நான் நிற்பேன்.

அல்நார் நரம்பைக் கண்டறிந்து பாதுகாத்ததாக நோட் சொல்கிறது. இதற்கு 64718 போடுவது நான் அடிக்கடி திருத்தும் விஷயம். வழியில் இருக்கும் நரம்பை விலக்கிக் காப்பது அந்த அறுவை சிகிச்சையின் பகுதி. நரம்புக்குப் பாதிப்பு இருந்து, ஜி56.22 போன்ற டயக்னோசிஸ் எழுதப்பட்டு, நரம்பை விடுவித்ததாகவோ இடம் மாற்றியதாகவோ தனியாக விவரித்திருந்தால்தான் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசவே முடியும். இந்தப் பையனின் நரம்பு இயல்பு என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. முதல் மாவுக்கட்டும் அறுவை சிகிச்சைக்குள் அடங்கியதுதான்.

அதற்குப் பிறகு வந்த சார்ட்டுகள்

24400-க்கு 90 நாள் குளோபல், அதாவது அறுவை சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும் பின்கவனிப்புக் காலம். அதற்குள் வரும் வழக்கமான பார்வைகளுக்கு 99024, கட்டணம் இல்லாத பதிவு. டயக்னோசிஸ் மாறும் இடம் இதுதான். அறுவை சிகிச்சை எம் கோட்டுக்காக நடந்ததால், பின்கவனிப்புக்கு இசட்47.89 பொருந்தும். முதலில் 'பி' வழியில் போயிருந்தால் இசட் பின்கவனிப்புக் கோடு இங்கே வரவே முடியாது. காயங்களுக்கு முறிவுக் கோட்டையே அதன் ஏழாவது எழுத்தோடு தொடர வேண்டும் என்பது விதி. முதல் நாள் அசெஸ்மென்ட்டில் எழுதிய ஒரு சொல் மாதங்கள் கழித்தும் கோட்டைத் தீர்மானிக்கிறது.

ஸ்க்ரூவையும் கம்பியையும் எடுக்க வரும்போது டயக்னோசிஸ் இசட்47.2, ஆழத்தில் இருக்கும் பொருத்தம் என்பதால் செயல்முறை 20680. அந்த நோட்டிலும் பக்கம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும்.